சிவப்பு பல்பும் மாட்டுச் சங்கிலியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் ஒரே வரிசையில் ஐந்து வீடு; வீட்டுக்கு ஓர் அறை, அதைக் காம்பரா என்போம். காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏறி, களைத்துப் போன மாதிரி நின்றுவிடும். அதற்கு மேலே ஐந்து வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை, ஒரே காற்று. அடுத்த காம்பரா அத்தை கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். நான் போனில் மெதுவாகப் பேசினால், அத்தை அந்தப் பக்கமிருந்து, "யாருடா அது, அந்தக் கொடகவெல ஊர்ப் புள்ளையா?" என்று கேட்பாள். ரகசியம் வைத்திருப்பவர்கள் எங்கள் லயத்தில் குடியிருக்க முடியாது.

இந்தக் கூரைக்குக் கீழேதான் அக்கா ஐம்பது கோழிக்குஞ்சு வளர்க்கப் போவதாகச் சொன்னாள்.

காரணம் கோழி இல்லை, கொழும்பு. அக்காவின் புருஷன், அதாவது என் மச்சான், கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். மாதம் ஒரு தடவை வருவார். வரும்போதெல்லாம், அங்கே ஒரு அறை பார்த்திருக்கிறேன், சாமானைக் கட்டு என்பார். அக்கா ஒரு தடவை போய் இருந்து பார்த்துவிட்டு வந்தவள். அந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும் என்று சொல்வாள். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரு பேச்சு முடிவானது. அக்கா இங்கேயே இருந்து தன் கையால் ஒரு வேலையை உருப்படியாக நடத்திக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் மச்சான் கொழும்புப் பேச்சை எடுக்க மாட்டார். குஞ்செல்லாம் செத்துப் போனால் அக்கா பெட்டியைக் கட்ட வேண்டும்.

மச்சான் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் சிரித்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். அக்கா போய்விட்டால் வீட்டில் கேலி பண்ண அம்மா மட்டும்தான் மிச்சம். அம்மா கையில் எந்த நேரமும் அகப்பை இருக்கும்.

பலாங்கொடையில் குஞ்சு விற்கும் ஆள் சிங்களவர், நல்ல மனுஷன். போனில் அக்காவிடம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலில் சூட்டுக்கு வழி பண்ணு, முந்தின நாளே போட்டுப் பார், பிறகு வந்து குஞ்சை எடுத்துக்கொண்டு போ. தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் சில வாரம் சூடுதான் தாய். அது குறைந்தாலும் செத்துவிடும், கூடினாலும் செத்துவிடும்.

"அப்ப எனக்கு ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி இருக்கான்" என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை. கோயில் திருவிழாவுக்கு லைட் கட்டும் கூட்டத்தில் ஒருவன். ஓ.எல். பரீட்சைக்கு முன்பே ஸ்கூலுக்கும் எனக்கும் உறவு முறிந்துவிட்டது. நான் பரீட்சையை விட்டேனா, பரீட்சை என்னை விட்டதா என்று வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. ஆனால் ஒயரைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. உடனே மூலையில் பழைய கூரைத் தகரத்தை வளைத்து ஒரு வட்டம் கட்டினேன். உள்ளே உமியைக் கொட்டிப் பரப்பினேன். அதற்கு மேல் திருவிழா சீரியல் பல்பு முழுவதையும் சுற்றி சுவிட்சைப் போட்டேன். பச்சை, நீலம், மஞ்சள் என்று ஓடி ஓடி மின்னியது. எனக்கே கும்பிடத் தோன்றியது.

அக்கா உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். "டேய், இதுல வெளிச்சம் மட்டுந்தான் வருது. குஞ்சு குளிர்ல ஆடிக்கிட்டே சாகும்."

அம்மா தன் யோசனையைச் சொன்னாள். ஒரு சட்டியில் கரி நெருப்பைப் போட்டு நடுவில் வைத்தால் போதுமாம். மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வருகிற நாளில் அம்மா அப்படித்தான் குளிர் காய்வாள். ஆனால் அது முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில், வாசல் திறந்திருக்கும்போது. நாங்கள் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது இதே அறையில்தான். மூடின அறையில் கரி கிடந்தால் அதன் நச்சுக்காற்று மணமே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும், குஞ்சோடு சேர்த்து எங்களையும் காலையில் எடுக்க வேண்டியதுதான் என்று அக்கா மறுத்துவிட்டாள். மச்சான் போனில், மண்ணெண்ணெய் விளக்கை வைத்து மேலே பால்மா வந்த தகரப் பேணியைக் கவிழ்த்துவிடு என்றார். உமிக்கு நடுவில் திறந்த விளக்கா என்று அக்கா கேட்டாள். மச்சான் உடனே வேறு கதைக்குப் போய்விட்டார்.

கடைசியில் நான் பலாங்கொடைக்கு பஸ் ஏறி, குஞ்சுக்கென்றே விற்கும் பெரிய சிவப்பு பல்பை வாங்கி வந்தேன். கடை முதலாளி பிளாஸ்டிக் ஹோல்டரை என் கையிலிருந்து பிடுங்கி உள்ளே போட்டுவிட்டு, பீங்கான் ஹோல்டரைக் கொடுத்தார். பிளாஸ்டிக் இந்தச் சூட்டுக்கு உருகி வழியுமாம். "மல்லி, மேக்க ரஸ்னெய், பரிஸ்ஸமென்" என்றார். தம்பி, இது சூடு, கவனம் என்கிறார். நான் வழி முழுக்க அந்த பல்பை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அதைக் கூரைச் சட்டத்திலிருந்து ஒயராலேயே முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டேன். திருவிழா பல்பை அப்படித்தான் கட்டுவோம். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்கச் சிவந்து போனது. சுவர், தகரம், அம்மாவின் மூக்குத்தி எல்லாம் ரத்தச் சிவப்பு. இப்போது சூடு வந்தது. அக்கா தகர வட்டத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு, தலையைக் குனிந்து, கையை உமிக்கு மேலே நீட்டியபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். சூடு எட்டும் இடம் எது, எட்டாத இடம் எது என்று கையாலேயே அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுவருக்கு மேலாக அத்தையின் குரல் வந்தது. "என்னடா உங்க பக்கம் ஒரே செவப்பா தெரியுது?"

அது மாரியம்மன் கோயிலில் கொடி ஏறியிருந்த வாரம். அம்மா விரதம். லயமே மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக இருந்தது. எனக்கு நாக்கு அரித்தது.

"மெதுவா பேசுங்க அத்தே" என்றேன், குரலைத் தாழ்த்தி. "செவப்புக்காரி வந்து எறங்கியிருக்கா. அக்கா முன்னாடி குந்தியிருக்கு. கேக்கிறதுன்னா இப்பவே கேட்டுக்குங்க. செருப்போட வராதீங்க."

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவாள், எல்லாரும் சிரிப்போம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பக்கம் வாளி உருளும் சத்தம்தான் கேட்டது. சரி, புரிந்துவிட்டது என்று நான் பின்பக்கம் முகம் கழுவப் போனேன்.

திரும்பி வரும்போது அத்தை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். தலை ஈரம், நெற்றி நிறையத் திருநீறு, கையில் தட்டு, தட்டில் எரியும் கற்பூரம். அவள் பார்த்தது இதுதான்: சிவந்த இருட்டு, தகரத்தால் கட்டிய குண்டம், அதற்கு முன்னால் தலை குனிந்து கை நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண். யாராக இருந்தாலும் விழுந்து கும்பிட்டிருப்பார்கள். அத்தையும் விழுந்தாள். விழுவதற்கு முன்னால் தட்டை வட்டத்துக்குள் வைத்தாள்.

"தாயி, எம் புள்ளைக்கு கத்தார் விசா எப்ப வரும்?"

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்து, "என்ன அத்தே?" என்று கேட்டாள். அதற்குள் தட்டு சரிந்து, கற்பூரம் உமிக்குள் உருண்டுவிட்டது. உமி சட்டென்று எரியாது. உள்ளுக்குள்ளேயே புகைந்து புகைந்து கிளம்பும். அம்மா குடிதண்ணீர்க் குடத்தை அப்படியே கவிழ்த்தாள். புகை எழும்பி, கூரையைத் தொட்டு, ஐந்து காம்பராவுக்கும் சமமாகப் பங்கு போனது. ஐந்து வீட்டு ஆட்களும் வாசலில் நின்றார்கள்.

எங்கள் ஊரில் லயம் எரிவது என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு காம்பராவில் பிடித்தால் கூரை வழியாக ஓடும். கட்டின துணிதான் மிஞ்சும். அத்தையின் புருஷன், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில், தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். பகல் முழுக்க நெருப்போடு இருக்கிறவர் என்பதாலேயே நெருப்பை நம்பாதவர். அவர் உள்ளே வந்து நனைந்த உமியைக் காலால் கிளறிப் பார்த்தார். பிறகு பல்பைப் பார்த்தார்.

"நாளைக்கு இது இங்க இருக்கக் கூடாது."

"மாமா, நெருப்பு வச்சது பல்பு இல்ல. ஒங்க வீட்டுக் கற்பூரம்" என்றாள் அக்கா.

"கற்பூரமோ பல்போ, மேல கூரை ஒன்னுதான்" என்று சொல்லிவிட்டு, ஒயரை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஒரு சுண்டு சுண்டினார். நான் போட்ட முடிச்சு நழுவி, பல்பு ஒரு சாண் கீழே இறங்கியது. அது உமிக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றதை எல்லாரும் பார்த்தோம். நான் என் கால் விரலைப் பார்த்தேன். மறுநாள் குஞ்சு எடுக்க வருவதாகச் சொல்லியாகிவிட்டது.

அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போன கையோடு ஒரு பழைய கம்பளியை எடுத்து, சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை மூடிக் கட்டிவிட்டாள். எங்கள் வீட்டுக்குள் அவள் வீட்டுக் குழம்பு வாசம் வராமல் போன முதல் நாள் அது.

அன்றைக்கு அக்கா பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ மாமாவின் வாசலுக்குப் போய் நின்று, "எப்படித் தொங்கவிட்டா நீங்க சரின்னு சொல்லுவீங்க மாமா?" என்று கேட்டாள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். பிறகு, "நான் புடிச்சுத் தொங்கினாலும் விழக் கூடாது. விழுந்தாலும் உமியைத் தொடக் கூடாது. ஹரித? சரியா?" என்றார். சரி என்று அக்கா வந்துவிட்டாள். மாமா எடை என்ன என்று நான் கேட்டதற்கு, உன் வாயை விடக் குறைவு என்றாள்.

தொங்கவிடச் சாமான் தேடி லயத்தையே புரட்டினோம். கயிறு சூட்டில் கருகும். கம்பி நழுவும். அக்காவின் கண் கடைசியில் போய் நின்ற இடம் மாமாவின் மாட்டுக் கொட்டில். அங்கே ஒரு பழைய மாட்டுச் சங்கிலி தொங்கியது. மாமாவிடமே போய் அதைக் கேட்டு வாங்கினாள். கொடுக்கும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், கேட்ட கேள்விக்கு அவரே பதிலும் எழுதிக் கொடுத்த வாத்தியார் மாதிரி இருந்தது. விழுந்தாலும் தொடக் கூடாது என்ற இரண்டாவது கேள்விக்கு நான் விடை கண்டுபிடித்தேன். ஓடாமல் கிடந்த மேசை ஃபேனின் கம்பிக் கூட்டைக் கழற்றி பல்பைச் சுற்றி மாட்டினேன். பல்பு தப்பித் தவறி விழுந்தாலும் கூடுதான் உமியில் உட்காரும், கண்ணாடி தொடாது. ஒயரில் பாரம் விழாமல், அது சங்கிலிக் கண்ணி வழியாகத் தளர்வாகப் போனது.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் வழியில் மாமா வந்தார். பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிவிட்டார். கூரைச் சட்டம் முனகியது. அவர் தலைமேல் பல வருஷத்துக் கரியும் ஒட்டடையும் கொட்டியது. சங்கிலி அசையவில்லை. அவர் கீழே இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பல்பை அவரே திரும்ப மாட்டிவிட்டு வேலைக்குப் போனார். நானும் அக்காவும் பலாங்கொடைக்கு ஓடினோம்.

திரும்பி வந்த பஸ் பயணத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். மடியில் அட்டைப் பெட்டி, உள்ளே ஐம்பது தொண்டை. கண்டக்டர் பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு எல்லாம் டிக்கட் எடு என்று சிங்களத்தில் மிரட்டினார். அவர்கள் எல்லாம் நின்றுகொண்டுதானே வருகிறார்கள் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். பஸ்ஸே சிரித்தது. அக்கா மட்டும் பெட்டி ஓட்டைக்குள் விரலை விட்டு, சூடு இருக்கிறதா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

வட்டத்துக்குள் விட்டதும் அதுகள் முதலில் ஒரே குவியலாக நின்றன, குளிர் காலையில் பிரட்டுக் களத்தில் நிற்கும் ஆட்களைப் போல. குவிந்து நின்றால் குளிர் என்று அர்த்தம் என்று விற்றவர் சொல்லியிருந்தார். பல்பை ஒரு கண்ணி இறக்கினேன். உடனே எல்லாம் தகர ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கின. அது சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். அரைக் கண்ணிக்கு வழியில்லை, அதனால் உமியைக் கொஞ்சம் தாழ்த்தினோம். மெல்ல மெல்லப் பிரிந்து, ஒன்று தின்றது, ஒன்று குடித்தது, ஒன்று நின்றபடியே தூங்கி மூக்கு குத்தி விழுந்தது. வட்டம் முழுக்க மஞ்சள் தூவின மாதிரிப் பரவிவிட்டன.

"இப்ப சரி" என்றாள் அக்கா. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன். எல்லாம் மறுபடி ஓடிக் குவிந்தன. அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் அக்காவை, தோட்டத்துத் துரை பெண்டாட்டியைச் சொல்வது போல, தொரசாணி என்றுதான் கூப்பிட்டேன். தொரசாணி, உங்கள் லேபர் சாப்பிட்டார்களா என்பேன். கம்பளிக்கு அந்தப் பக்கம் அத்தை கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரியும். சிரிப்பு வருகிறதா என்று காதைத் தீட்டுவேன். வராது.

ஒரு வாரம்கூட முடியவில்லை. ஒரு மத்தியானம் மழை பிடித்தது. எங்கள் பக்கம் மழை என்றால் தகரத்தில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஒரு இடி விழுந்தது. பல்பு ஒரு தடவை சிவந்து, கருத்தது. கரண்ட் போய்விட்டது.

அம்மா மலையில், மாமா ஸ்டோரில். வீட்டில் நானும் அக்காவும்தான். மழைக்காற்று சுவருக்கும் கூரைக்கும் நடுவில் புகுந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குஞ்சுகள் குவிய ஆரம்பித்தன. ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கீழே மாட்டியது மூச்சு விட முடியாமல் கத்தியது. அக்கா இரண்டு கையாலும் பிரித்துப் பிரித்து விட்டாள். பிரித்த கையை எடுப்பதற்குள் மறுபடி குவிந்தன. நான் அடுப்பை மூட்டப் போனேன். விறகு ஈரம். புகைதான் வந்தது.

"சுடுதண்ணி வேணும்டா. போத்தல்ல ஊத்தி, துணி சுத்தி நடுவுல வச்சா கொஞ்ச நேரம் தாங்கும்" என்றாள் அக்கா. எங்களிடம் இருந்ததோ பிளாஸ்டிக் சோடாப் போத்தல். கொதி தண்ணீரை ஊற்றினால் சுருண்டு கத்தரிக்காய் மாதிரி ஆகிவிடும். தண்ணீருமே இன்னும் கொதிக்கவில்லை.

அக்கா கம்பளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீயே கேளு. வாய வச்சது நீதானே."

நான் சுவர்ப் பக்கம் போய் நின்றேன். "அத்தே" என்றேன். மழைச் சத்தத்துக்கு மேலே இன்னும் பலமாகக் கத்தினேன். ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் இறங்கி வருவாள் என்று தோன்றியது, ஆனால் ஒன்றுமே வரவில்லை. அப்படி ஒரு நாள் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

"அத்தே, குஞ்செல்லாம் குளிருல ஒன்னுமேல ஒன்னு ஏறுது. சுடுதண்ணி இருக்கா?"

கம்பளி ஒரு பக்கமாக ஆடியது. பிறகு படீரென்று முழுவதும் இழுபட்டுக் கீழே போனது. ஸ்டூல் மேல் ஏறி நின்ற அத்தையின் முகம் தெரிந்தது.

"போத்தல் இருக்காடா?"

"சோடாப் போத்தல்தான்."

"அது ஆகாது" என்று இறங்கிப் போனாள். கண்ணாடிகள் உரசும் சத்தம் கேட்டது. அடுப்படிக்குப் பின்னால் விறகுக்கு அடியிலிருந்து மாமாவின் காலிச் சாராயப் போத்தல்களை இழுத்திருக்கிறாள். மாமா குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ணினது அதே மாரியம்மன் கோயிலில்தான். முதல் போத்தல் மாமாவின் பனியனைச் சுற்றிக்கொண்டு சுவருக்கு மேலே வந்தது. கைக்கு இதமான சூடு. பிறகு இரண்டாவது. பிறகு அத்தை அந்தப் பக்கச் சுவருக்கு மேலே கத்தினாள், அந்த வீடு அடுத்த வீட்டுக்குக் கத்தியது, கடைசிக் காம்பரா வரைக்கும் அடுப்பு எரிந்தது. யார் யாரோ வீட்டுப் போத்தல், யார் யாரோ வீட்டுச் சட்டை சுற்றி, சுவர் தாண்டிச் சுவர் தாண்டி எங்கள் கைக்கு வந்தது. அக்கா ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து உமியில் படுக்க வைத்தாள். கடைசியாக அந்தக் கம்பளியும் வந்தது. காற்றுப் போக ஓரத்தில் வழி விட்டு, வட்டத்துக்கு மேலே விரித்தோம்.

குவியல் உடைந்தது. ஒவ்வொரு போத்தலுக்குப் பக்கத்திலும் ஒரு கூட்டம் சாய்ந்து உட்கார்ந்தது. ஒன்று மட்டும் எழும்பவில்லை. அக்கா அதை ஒரு துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

ஆறின போத்தல் போய்ச் சூடான போத்தல் வந்துகொண்டிருந்தபோது அத்தை கேட்டாள்: "கத்தார் விசாவைப் பத்தி ஒஞ் செவப்புக்காரி ஒன்னுமே சொல்லலியாடா?"

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த போத்தல் விழப் பார்த்தது.

கரண்ட் வரும்போது மாமாவும் நனைந்துகொண்டு வந்தார். சூட்டைப் பார்க்கத்தான் நேராக எங்கள் பக்கம் நுழைந்தார். தன் பனியனுக்குள் தன் போத்தல் படுத்திருப்பதையும், அதன் மேல் குஞ்சுகள் தூங்குவதையும் பார்த்தார். "இது யாரு போத்தல்?" என்றார் மெதுவாக. சுவருக்கு மேலிருந்து, "கோழியோடது" என்று பதில் வந்தது. மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே போனார்.

குஞ்சு வளர வளர சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக பல்பை மேலே ஏற்றினோம். இறகு முளைக்க முளைக்கச் சூடு குறைவாகத்தான் வேண்டும். கடைசிக் கண்ணி முடிந்தபோது, மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். தோளில் ஒரு பெரிய காலிப் பை. சாமான் கட்டக் கொண்டு வந்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

பின்பக்கம் புதிதாகக் கட்டின கூட்டில் கோழிகள் அக்காவின் கால் சத்தம் கேட்டு ஓடி வந்தன. மச்சான் நின்று பார்த்தார். எண்ண ஆரம்பித்தார், அதுகள் நிற்காததால் விட்டுவிட்டார். தோளிலிருந்து பையை இறக்கவில்லை. அக்கா தீனியை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தொரைக்கு ஒரு தேத்தண்ணி போடு தொரசாணி என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் அறைக்குள் திரும்பியதும் மாமா உள்ளே வந்தார். பல்பு வேலை முடிந்துவிட்டதே, மாட்டுக்குச் சங்கிலி வேண்டும், கயிற்றை அது தின்றுவிடுகிறது என்று ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

"அது அங்கயே இருக்கட்டும் மாமா" என்றாள் அக்கா. மச்சானைப் பார்க்காமல், சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த குஞ்சுக்கு வேணும்."

மாமா ஸ்டூல் மேலேயே நின்றார். "அப்ப மாட்டுக்கு?"

மச்சான் தோளிலிருந்த காலிப் பையை இறக்கி ஆணியில் மாட்டினார்.

"மாட்டுக்கு நான் வாங்கியாரேன் மாமா. அடுத்த தடவ வர்ற வழியில, பெல்மதுளை டவுன்ல நல்லது கெடைக்கும்" என்றார்.

அக்கா திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது, கூடவே மூக்கை உறிஞ்சும் சத்தமும். நான் வாயைத் திறந்தேன். ஆனால் சுவர் முந்திக்கொண்டது.

"நல்ல கனமா பார்த்து வாங்குங்க தம்பி" என்றாள் அத்தை, அந்தப் பக்கமிருந்து. "எங்க மாடு ஒங்க மச்சினன் மாதிரி. சும்மா நிக்காது."